அழுகல் என்று எழுதிய காடு

ராடோய் முப்பத்தோரு வருஷம் அரசாங்க வனவராக வேலை பார்த்தார். அத்தனை வருஷத்தில் காகிதத்தில் அவர் எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதை நன்றாகவே எழுதியிருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஸ்ட்ரூயா கிராமத்துக்கு மேலே, காட்டுப் பகுதி நூற்றுப் பன்னிரண்டில் நிற்கும் பீச் என்னும் காட்டு மரங்கள் எல்லாம் உள்ளே அழுகிப்போனவை, பலகைக்கு லாயக்கில்லாதவை என்று எழுதினார். அதுதான் பொய்.

உண்மையில் அந்த மலைச்சரகத்திலேயே அவற்றைப் போல ஆரோக்கியமான மரங்கள் கிடையாது. நானூற்று முப்பது மரம், நூற்றிருபது வயது, சாம்பல் பட்டை, கிளையில்லாமல் இருபது மீட்டர் நேராக ஏறும் தண்டு. அவை நிற்பது செங்குத்தான சரிவில். மேலே ஒரு முழம் மண், அதற்குக் கீழே சவர்க்காரம் மாதிரி வழுக்கும் களிமண். வேர்கள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தன. சரிவின் அடியில் பதினாறு வீடுகள். மேலிருந்து மூன்றாவது வீடு ராடோயுடையது.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இதே மாதிரி ஒரு சரிவைப் பிளைவுட் ஆலைக்காரர்கள் வெட்டினார்கள். மூன்றாவது வசந்தத்து மழையில் மலை இறங்கி வந்தது. ஏழு வீடுகள், ஒரு குதிரை, படுத்த படுக்கையாக இருந்த ஒரு மனிதர். தோண்டப் போனவர்களில் ராடோயும் ஒருவர். அவர் கையில் கிடைத்தது குதிரை.

அதே ஆலைக்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டையும் வந்து பார்த்துவிட்டுப் போனபோது, அந்த மலையில் எந்த வனவரும் செய்யக்கூடியதை அவர் செய்தார். ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டுமா, அழுகல் என்று எழுது. அழுகிய மரத்துக்கு எந்த ஆலையும் லாரி அனுப்பாது. பத்தாண்டுத் திட்டம் எழுதத் தலைநகரம் ஸோஃபியாவிலிருந்து அளவையாளர்கள் வந்த வாரம் விடாமல் மழை. மரத்தைத் துளைத்து உள்ளிருக்கும் கட்டையைப் பென்சில் பருமனுக்கு உருவி எடுக்கிற துளைக்கோல் ஒன்று உண்டு. உருவியதைக் குளிர்பானம் உறிஞ்சுகிற குழாய்க்குள் போட்டு, நுனியை மடித்து, எண் எழுதி வைப்பார்கள். ராடோய் அவர்கள் வருவதற்கு முந்தின நாளே ஓடைக்கு அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருந்த கிழட்டு மரங்களைத் துளைத்து முப்பது குழாய் நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் 112 என்று எழுதி வைத்தார். அளவையாளர்கள் அவர் வீட்டு அடுப்போரம் பூட்ஸைக் காயவைத்து, அவர் சுட்டுக்கொடுத்த இறைச்சியைத் தின்று, ரக்கியாச் சாராயத்தைக் குடித்து, குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பழுப்பாக, ஈரப் புகையிலை மாதிரி உதிர்ந்த கட்டை. அதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்தக் காட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாண்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கப் பணமில்லை என்று இழுத்துக்கொண்டே போனார்கள். ராடோய் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஏறிப்போய் ஒரு மரத்தில் சாய்ந்து சிகரெட் பிடித்துவிட்டு வருவார். அவ்வளவுதான்.

மார்ச் முதல் வாரத்தில் கார்வுனிட்ஸா நகரத்து அனல் நிலையத்தின் தலைமை இஞ்சினியர் காலின் அவரைக் கூப்பிட்டனுப்பினான்.

நகரத்துக்குள் நுழைகிற இடத்தில் மேயர் வைத்த பலகை இருந்தது. இரண்டு அம்புகள். மேலே போகிற அம்பு: நகரத்தின் உற்பத்தி ஒன்பது சதவீதம் வளர்ச்சி. கீழே போகிற அம்பு: கார்பன் எழுபத்தொரு சதவீதம் குறைவு. இரண்டுக்கும் ஒரே பச்சை. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்றுதான் உலகம் இதுவரை நினைத்திருந்தது, நாங்கள் பிரித்துக் காட்டிவிட்டோம் என்று மேயர் தொலைக்காட்சியில் சொன்னார். அதைக் கேட்கத் தலைநகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

அனல் நிலையம் ஆறு வருஷம் முன்புவரை நிலக்கரியில் ஓடியது. நகரத்துக் குடியிருப்புகளுக்கெல்லாம் வெந்நீர் அங்கிருந்துதான் குழாயில் போகும். அந்தக் காலத்தில் பனி விழுந்த மறுநாளே கறுத்துவிடும். கரி போனதற்கு யாரும் அழவில்லை, ராடோயும் அழவில்லை. கரிக்குப் பதில் மரச்சில்லு. முதல் இரண்டு குளிர்காலம் அறுவை ஆலைகளின் தூளும் கழித்துப்போட்ட கிளைகளும் போதுமானதாக இருந்தன. பிறகு கார் இருக்கைத் துணி நெய்கிற தொழிற்சாலை வந்தது. அறுநூறு பேருக்கு வேலை. சாயம் போட நீராவி வேண்டும். கார்பன் சைபர் என்று சான்றிதழ் உள்ள நீராவிதான் வேண்டும், இல்லையென்றால் ஜெர்மன்காரன் துணியை வாங்கமாட்டான். ஸ்பெயினில் ஒன்பது வருஷம் ஸ்ட்ராபெரி பறித்த ராடோயின் மகள் போர்யானா அந்த வேலைக்காகத்தான் ஊர் திரும்பினாள். இப்போது சாயப் பிரிவில் மேற்பார்வையாளர். அனல் நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு குடியிருப்பில் நாலாவது மாடியில் வீடு.

காலின் எழுந்து வந்து கைகுலுக்கினான்.

"வாங்கண்ணே. உங்களுக்கு இந்த ஊர்ல ஒரு சிலை வைக்கணும்."

"செத்தவனுக்குத்தான் தம்பி சிலை. என்ன விஷயம்?"

"தூள் தீர்ந்துபோச்சு. ருமேனியாக்காரன் வெலைய ஏத்திட்டான். நம்ம காட்டுலயே பாத்துக்கலாம்னு உங்க ஆபீஸோட ஒப்பந்தம் போட்டாச்சு." மேஜைமேல் வரைபடத்தை விரித்தான். "பலகைக்கு ஆகாத மரம் மட்டும்தான். அழுகல், கோணல், நோயாளி. நல்ல மரத்த எரிச்சா சான்றிதழ் கெடைக்காது. கழிவ எரிச்சா சைபர். சட்டம் அப்படி."

வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்ட கட்டங்கள். ராடோய் தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய கட்டமே அதுதான்.

"நூத்திப்பன்னெண்டு" என்றான் காலின், அவர் பார்வையைத் தொடர்ந்து. "ஒரே எடத்துல இவ்ளோ அழுகல் இந்த மாவட்டத்துலயே இல்லண்ணே. அதுவும் ரோட்டுக்குப் பக்கத்துல. யாருக்கும் வேண்டாத மரம். பன்னெண்டு வருஷமா சும்மா நிக்குது. நீங்கதானே எழுதினது?"

"நான்தான்."

"அதான் சொன்னேன், சிலைன்னு."

"அது சரிவு, தம்பி. லாரி ஏறாது."

"பாதை வெட்ட டெண்டர் முடிஞ்சுது. ஏப்ரல்ல முத்திரை போட்டுக் குடுத்துடுங்க. மே மாசம் ஆளுங்க வந்துடுவாங்க."

ராடோய் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முற்றத்தில் மரச்சில்லு லாரி ஒன்று டீசல் புகை விட்டபடி நின்றது. ஒரு நாளைக்கு நாற்பது லாரி வருவதாகக் காவலாளி பெருமையாகச் சொன்னான். பலகையில் அந்த நாற்பதுக்கு அம்பு எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போர்யானா ஸ்ட்ரூயாவுக்குச் சாப்பிட வந்தாள். ராடோயின் மனைவி நெவ்யானா மண்சட்டியில் பீன்ஸ் வைத்திருந்தாள், கூடவே ஊறவைத்த முட்டைக்கோஸ். ராடோய் ஒரு ரொட்டித் துண்டைச் சட்டியில் தோய்த்துவிட்டு, தின்னாமல் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். குழாய்கள், ஓடைக்கு அந்தப் பக்கத்து மரங்கள், எல்லாவற்றையும். பன்னிரண்டு வருஷமாக மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நெவ்யானா கரண்டியை வைத்தாள். "பன்னெண்டு வருஷம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லல நீ. எனக்குத் தெரியாம ஒரு பொம்பளைய வெச்சிருந்தாக்கூட இதவிடச் சுலபமா இருந்திருக்கும்."

"எவ வருவா இந்த மூஞ்சிக்கு?" என்றாள் போர்யானா. யாரும் சிரிக்கவில்லை. அவள் தண்ணீர் குடித்தாள். "இப்ப என்ன பண்ணப் போற?"

"உண்மையச் சொல்லப் போறேன். மரம் நல்ல மரம்னு."

"சொன்னா?"

"எரிக்கக் கூடாது. நல்ல மரத்துக்குச் சான்றிதழ் கெடையாதுன்னு அவனே சொன்னான்."

"நல்ல மரம்னா பிளைவுட்காரன் வருவான்" என்றாள் நெவ்யானா. "எதுக்காகப் பொய் எழுதினியோ அவனே வருவான். நீ ஜெயில்ல இருப்ப. நான் இங்க தனியா நின்னு மல எறங்குறதப் பாக்கணும்."

அதை ராடோய் யோசிக்காமல் இல்லை.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத" என்றாள் போர்யானா. "அக்டோபர்ல சில்லு இல்லேன்னா கரி பாய்லரத்தான் மூட்டுவாங்க. கரிய மூட்டினா சைபர் போச்சு. சைபர் போனா ஆர்டர் போச்சு. அறுநூறு பேரு. நான் மறுபடியும் குனிஞ்சு பழம் பறிக்கணும். எனக்கு முப்பத்தொம்பது வயசு. இடுப்பு போயிடுச்சுப்பா."

"உன்னைப் போகச் சொல்லி யாரும் சொல்லல."

"நீ உண்மைய சொல்றேன்னு சொல்றப்ப அதத்தான் சொல்ற."

சட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சரிவு, இலையில்லாத சாம்பல் தண்டுகள், அவற்றுக்கிடையே இன்னும் கரையாத பனி. போர்யானா கிளம்பும்போது அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். கடன் முடிக்கிற மாதிரிதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து தணிக்கையாளர் வந்தாள். ரலிட்சா என்று பெயர், முப்பது வயதுக்குள். நல்ல பூட்ஸ் போட்டிருந்தாள், மலை ஏற மூச்சு வாங்கவில்லை. ராடோய் அவளை நூற்றுப் பன்னிரண்டுக்குக் கூட்டிப்போனார். நடுக்காட்டில் நின்று, துளைக்கோலை எடுத்துக் கண்ணெதிரே இருந்த மரத்தில் திருகினார். உருவியதை அவள் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை, லேசான இளஞ்சிவப்பு, வளையங்கள் நெருக்கமாக, முனைவரை சுத்தம். ஈர மாவு வாசனை.

"இன்னொரு மரம் பாக்கலாமா?" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது.

"எந்த மரம் வேணும்னு நீயே காட்டும்மா."

அவள் காட்டினாள். ஐந்து மரம் துளைத்தார். ஐந்தும் வெள்ளை. அவள் விழுந்து கிடந்த ஒரு தண்டின்மேல் உட்கார்ந்து ஐந்தையும் தொடையின்மேல் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஐயா எங்கிட்ட காட்டினீங்க?"

"நீதானே தணிக்க பண்றவ."

"என் படிவத்துல இருபத்திரண்டு கேள்வி இருக்கு. காட்டப் பத்தி ஒண்ணுதான். 'அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் இந்தப் பகுதி பலகைக்கு ஆகாதது எனப் பதிவாகியுள்ளதா?' பதிவாகியிருக்கு. ஆமான்னு போடணும். மரத்தத் துளைச்சுப் பாத்தியான்னு யாரும் கேக்கல."

"நீ பாத்துட்டியேம்மா."

"பாத்தேன். பாத்ததை எழுதறதுக்குக் கட்டம் இல்ல." குச்சி ஒன்றை விரலால் உருட்டியபடி, "இதையும் சேத்து இந்த வருஷம் நாப்பது காடு பாத்துட்டேன். இருபதுல இதே கதைதான். எல்லா வனவரும் உங்கள மாதிரியே நல்லவங்களா இருந்திருக்காங்க" என்றாள்.

தன் பொய் தன் மலையோடு போகும் என்று ராடோய் நினைத்திருந்தார். எல்லாரும் செய்வார்கள் என்று தெரியும். அத்தனையையும் ஒரே சிவப்புக் கோட்டில் இப்போது யாரோ சேர்த்துவைத்திருப்பது தெரியாது. மரங்களைக் காப்பாற்ற எழுதியதெல்லாம் சேர்ந்து ஒரு பட்டியலாகிவிட்டது. நாட்டில் எங்கெங்கே நல்ல மரம் நிற்கிறது என்பதற்கு அதைவிடத் துல்லியமான பட்டியல் இருக்க முடியாது.

"எரிச்சா புக வராதா?" என்று கேட்டார்.

"வரும். கரியவிட ஜாஸ்தியாக்கூட வரும்."

"அப்ப எப்படி சைபர்?"

"மரம் திரும்ப வளரும். வளரும்போது அந்தப் புகைய திரும்ப இழுத்துக்கும். அதனால முன்கூட்டியே சைபர்."

"எத்தன வருஷத்துல?"

"எண்பதுன்னு வெச்சுக்கறாங்க."

"இந்தக் களிமண்ல நூத்தியிருபது. மண்ணு இங்கயே இருந்தா."

அவள் ஐந்து குச்சிகளையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "நான் வேணாம்னு சொன்னா வேற ஆள அனுப்புவாங்க ஐயா. அவருக்கு மல ஏற முடியாது. கீழ கார்லயே உக்காந்து போட்டுடுவாரு." அதை அவள் சமாதானமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

அந்த வாரமே ராடோய் ஒரு கடிதம் எழுதினார். ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷம் முன்பு நான் வேறு மரங்களின் கட்டையை இந்தப் பகுதியின் கட்டை என்று கொடுத்தேன். சரிவின் கீழே பதினாறு வீடுகள் இருக்கின்றன. இதைப் பாதுகாப்புக் காடாக மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். எனக்கு உரிய தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் வன அலுவலகத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியமாடா ராடோய்? ரிட்டயர் ஆக எத்தன மாசம் இருக்கு?"

"பதினாலு."

"பதினாலு மாசம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல உனக்கு. இத நான் பதிவு பண்ணினா நூத்திப்பன்னெண்டு மட்டுமா போகும்? அதே ஆளுங்க அளந்த எல்லாப் பகுதியும் சந்தேகத்துல வரும். ஒப்பந்தம் நிக்கும். குளிர்காலத்துல எட்டாயிரம் வீட்டுக்கும் மறுபடியும் கரிதான் மூட்டணும். மேயர் என்ன, மந்திரியே போன் பண்ணுவான். அப்புறம் விசாரிச்சு, நல்ல மரம்னு முடிவாகி, ஏலம் விட்டு, பிளைவுட்காரன் வெட்டுவான். வீடுங்களுக்கு என்ன கெடைக்கும்? ஒண்ணுமில்ல."

"பாதுகாப்புக் காடுன்னு..."

"அதுக்கு நிலவியல் ஆய்வு வேணும். ஆய்வுக்கு ரெண்டு வருஷம். மே மாசம் பாத வெட்டறாங்க." தலைவர் கடிதத்தை நாலாக மடித்து ராடோயின் மேல்சட்டைப் பையில் சொருகி, பையை ஒரு தட்டுத் தட்டினார். கெட்டவர் இல்லை. ராடோயின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர். "நீயே போய் முத்திர போடு. வேற எவனையாவது அனுப்பினா மொத்தத்தையும் மொட்டையடிப்பான். நீ போனா அடிவரிசையில நூத்துக்குப் பதினஞ்சு மரம் விட்டுவைக்கலாம். விதி இருக்கு. விதை மரம்னு எழுதிக்க."

வெட்டப்போகும் மரத்தின் காலடியில் பட்டையைச் செதுக்கி, எண் பொறித்த சுத்தியலால் அடிக்க வேண்டும். மரம் போனாலும் தரையில் நிற்கும் அடிக்கட்டையில் எண் இருக்கும். யார் அனுமதித்தது என்று யாரும் வந்து பார்க்கலாம். ஒவ்வொரு வனவருக்கும் ஒரு சுத்தியல், ஒரு எண். ராடோயுடையது நானூற்றுப் பதினேழு.

ஏப்ரலில் ஆறு நாள் அடித்தார். அடி வரிசையில், வீடுகளுக்கு நேர் மேலே, அறுபத்து நாலு மரத்தைத் தொடாமல் விட்டார். ஒரு வேலி மாதிரி. அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெவ்யானாவிடமும் சொன்னார். நெவ்யானா துணி மடித்துக்கொண்டே, "நீ சொன்னா சரி" என்றாள். அந்த வீட்டில் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

மே மாதம் வெட்டு ஆட்கள் வந்தார்கள். ரோடோப்பி மலைக்காரர்கள், எட்டுப் பேர், நாலு கோவேறு கழுதைகள். மேஸ்திரி ஹைரி ராடோயின் வயதுக்காரன், இரண்டு விரல் இல்லாதவன். முதல் மரம் விழுந்ததும் ரம்பத்தை அணைத்துவிட்டு வெட்டுப்பரப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு ராடோயைப் பார்த்தான்.

"அண்ணே, அழுகல் எங்க?"

"அடுத்ததுல இருக்கும்."

ஹைரி அடுத்ததை வெட்டினான். அதற்கடுத்ததையும். நாலாவதில் தரையில் துப்பினான். "நாப்பது வருஷமா மரம் வெட்டறேன். இத எரிக்கறதுக்கு என் பொண்டாட்டிய எரிக்கலாம், அவகிட்டயாவது கொஞ்சம் அழுகல் இருக்கு."

"பேசாம வெட்டு ஹைரி."

"வெட்டறேன். கூலிக்காரன் வெட்டாம என்ன பண்ணுவான்?" ரம்பத்தைக் கிளப்புமுன் அடிவரிசையைக் காட்டினான். "அத விட்டுட்டீங்களாக்கும். உங்க வீட்டுக்காகவா?"

"பதினாறு வீடு."

"நிக்காதுண்ணே. நடுக்காட்டுலயே வளந்த மரம். ஒண்ணுமேல ஒண்ணு தோள் சாஞ்சே நின்னது. மூஞ்சியில காத்துப் பட்டதே இல்ல. தனியா விட்டா நிக்காது. உங்களுக்குத் தெரியாததா."

தெரியும். வனப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷத்துப் பாடம் அது. ராடோய் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஜூன் முடிவதற்குள் சரிவு காலியாயிற்று. வீட்டு ஜன்னல் வழியாக முன்பு பார்த்தே இராத ஒரு மலைமுகடு தெரிந்தது. வெயில் நேராகச் சமையலறைக்குள் விழுந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், வெளிச்சம் நன்றாயிருக்கிறது, தக்காளி சீக்கிரம் பழுக்கும் என்றார்கள். அது உண்மைதான். அந்த வருஷம் தக்காளி நன்றாகப் பழுத்தது.

அடிக்கட்டைகளை வந்து பார்ப்பார்கள் என்று ராடோய் கோடை முழுவதும் காத்திருந்தார். முந்நூற்று அறுபத்தாறு கட்டை, வெள்ளையாக, வட்டமாக, ஒன்றிலும் அழுகலில்லை, ஒவ்வொன்றின் காலடியிலும் அவர் எண். கண்ணுள்ள எந்த அதிகாரியும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். கைது செய்ய வந்தால் என்ன சட்டை போட்டுக்கொள்வது என்பதுவரை யோசித்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஆகஸ்டில் கட்டைகள் சாம்பல் நிறமாகின. செப்டம்பரில் அவற்றின்மேல் காளான் முளைத்தது. அப்போதுதான் அழுக ஆரம்பித்தன.

நவம்பர் பதினோராம் தேதி மதியம் வடக்கிலிருந்து காற்று அடித்தது. அப்படியொன்றும் பெரிய காற்றில்லை. ஓடு ஒன்றுகூடப் பறக்கவில்லை. ராடோயும் நெவ்யானாவும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அடிவரிசை முதலில் ஆடியது. பிறகு ஓரத்து மரம் ஒன்று அவசரமே இல்லாமல் சரிவின் மேல்பக்கமாகச் சாய்ந்தது, வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு. அது விழுந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே புகுந்தது. பிறகு எண்ண நேரமில்லை. ஒரு மணி நேரத்தில் அறுபத்து நாலில் ஒன்பது நின்றது. மண்ணோடு பெயர்ந்த வேர்த்தட்டுகள் சுவர்போல நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி, குழியில் நீலக் களிமண் பளபளத்தது.

மறுநாள் காலையில் காலின் போன் செய்தான்.

"கேள்விப்பட்டேண்ணே. யாருக்கும் அடிபடலியே?"

"இல்ல."

"நல்லது. காத்துல விழுந்த மரமும் கழிவுதான். ஒப்பந்தத்துல வருது. முத்திரகூட வேண்டியதில்ல. நாளைக்கு லாரி அனுப்பறேன்."

குளிர்காலம் பனி மூடிக்கொண்டு கிடந்தது. மார்ச்சில் பனி உருகியபோது சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் வந்தது. முதலில் நூல் மாதிரி. ராடோய் அதன் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டித் தேதி எழுதினார். நாலு நாளில் காகிதம் கிழிந்தது. ஒரு வாரத்தில் விரல் நுழைந்தது. கதவுகள் சாத்த மறுத்தன. மேலேயிருந்த முதல் வீட்டின் தொழுவம் ஒரு மதியம் முழுவதும் மெதுவாக நகர்ந்து, சாயங்காலம் வேறு ஒரு இடத்தில் நின்றது, உள்ளே ஆடுகளோடு. ஒருவரும் சாகவில்லை. மலை இந்த முறை நிதானமாக இறங்கியது, எல்லாருக்கும் சாமான் எடுக்க நேரம் கொடுத்து. நகராட்சியிலிருந்து வந்தவர்கள் பதினாறு வீட்டுக் கதவிலும் சிவப்பு நாடா கட்டினார்கள். காரணம் என்ற இடத்தில் அதிகப் பனிப்பொழிவு, பருவநிலை மாற்றம் என்று எழுதினார்கள். ராடோய் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்து, பழைய கடிதம் இருந்த அதே பையில் வைத்துக்கொண்டார்.

போர்யானாவின் வீட்டில் அவர்களுக்கு ஒரு அறை கிடைத்தது. பெட்டிகளை வைத்தபிறகு கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லை. ஏப்ரல் பிறந்தும் குழாயில் வெந்நீர் வந்துகொண்டே இருந்தது. நெவ்யானா உள்பாவாடையோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

"இந்த ரேடியேட்டரக் கொறைக்க முடியாதாடி?"

"திருகே கெடையாதும்மா. இந்தக் கட்டடத்துல எவன் வீட்லயும் கெடையாது. ஜன்னலத் தெறந்துக்க, எல்லாரும் அப்படித்தான்" என்றாள் போர்யானா. ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் இரண்டாவது வரிசைத் தறி வரப்போகிறது, இன்னும் நூற்றைம்பது பேர் எடுக்கிறார்கள். கண்ணாடி பார்த்தபடி, "காலின் கேன்டீன்ல உன்னை விசாரிச்சாருப்பா. உன் காடு மொத்தமும் பதினோரு நாள் எரிஞ்சுதாம். நல்ல சூடாம்" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. அப்பாவுக்குத் தெரிய வேண்டும் என்று அவன் சொன்னதைச் சொன்னாள்.

"எந்தப் பதினோரு நாள்?"

"ஜனவரி நடுவுலன்னு சொன்னாரு. ஏன்?"

"சும்மா."

ஜனவரி நடுவில் அவர் ஸ்ட்ரூயாவில் இருந்தார், விறகடுப்புக்கு முன்னால், இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு.

போர்யானா போனாள். ராடோய் எழுந்து ஜன்னலைத் திறந்தார். எதிரே புகைபோக்கி வெள்ளையாக, அமைதியாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. கட்டடத்தில் பாதி ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் காற்று நெளிந்து மேலே போவது, கூர்ந்து பார்த்தால், தெரிந்தது. கீழே நகரத்து நுழைவு முனையில் இரண்டு பேர் ஏணி வைத்து மேயரின் பலகையில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷத்து எண்கள். ஒன்று கூடியிருந்தது, ஒன்று குறைந்திருந்தது.

"தெறந்தே இருக்கட்டும்" என்றாள் நெவ்யானா பின்னாலிருந்து. "வேகுது."